பாலத்தடியில் நான் எழுதிய பெயர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம், திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் நடந்தது இது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ரயில்வே மேம்பாலம் ஒன்று ஏறுகிறது. அந்தப் பாலத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, சில குடும்பங்கள் தார்ப்பாயையும் கிழிந்த பிளக்ஸ் பேனர்களையும் கட்டிக்கொண்டு குடியிருந்தன. அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி மனு எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் ஏதோ மறைத்துவைத்திருந்த மாதிரி ஆகிவிடும்.

மனு எழுதுவது எனக்குத் தொழில். ஒரு சின்ன ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஆனால் கடைக்கு ஆள் வருவது மனுவுக்குத்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் என்றால் காலை ஏழு மணிக்கே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். பட்டா மாறவில்லை, உதவித்தொகை நின்றுபோனது, சாக்கடை அடைப்பு, பங்காளி பாதையை மறித்துவிட்டான், இப்படி. அவர்கள் அழுதுகொண்டே சொல்வதை ஒரு பக்கத்துக்குள் அடக்கித் தர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மற்றவர்கள் ‘பலர் பல காலமாக’ என்று எழுதுவார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். எத்தனை பேர், எந்த வருடத்திலிருந்து, எந்த இடத்தில் என்று எழுதி, அதையே அட்டவணையாக ஒரு தனித்தாளில் போட்டு, இணைப்பு என்று பின்னால் குத்திவிடுவேன். அட்டவணை இருக்கிற மனுவை எந்த ஆபீஸிலும் சட்டென்று ஓரம்கட்ட முடியாது. யாராவது ஒருவர் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். இது நானே கண்டுபிடித்த வித்தை.

எங்கள் தெருக்காரர்கள் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் குறையும் நியாயமானதுதான். பாலத்தடியில் கழிப்பறை கிடையாது. பக்கத்துக் காலி மனையைத்தான் அத்தனை பேரும் பயன்படுத்தினார்கள். மழை பெய்தால் அந்த நாற்றம் கடைசி வீடுவரை வரும். தெருக்குழாயில் நம் குடத்துக்கு முன்னால் அவர்கள் குடம் இருக்கும். இரண்டொரு முறை குடித்துவிட்டுச் சண்டை, மண்டை உடைந்தது. டியூஷன் போகிற பெண் பிள்ளைகள் அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்கே ஒருநாள் அங்கே சைக்கிள் ஓட்டிப் போகும்போது நாய் துரத்தி முட்டி பெயர்ந்தது. நாய் அவர்களுடையதா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர்கள்மேல்தான் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் தெருச் சங்கக் கூட்டம் நடக்கும். தலைவர் ஓய்வுபெற்ற பேங்க்காரர். அவர்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நம்ம தெருவுலயே மனு எழுதுறவங்க இருக்கீங்க. ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, நமக்கு ஒண்ணு எழுதக் கூடாதா?”

எனக்கு அது பெருமையாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுதுவது என்று ஆனபிறகு என் பாணியில்தானே எழுதுவேன்? அட்டவணை இல்லாமல் எப்படி? அதனால் மறுநாள் காலையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன்.

போகும்போதே யோசித்து வைத்திருந்தேன், என்ன சொல்லிக் கேட்பது என்று. ‘உங்களை விரட்டப் போகிறோம், பெயரைச் சொல்லுங்கள்’ என்றா கேட்க முடியும்? ஒரு கணக்கெடுப்பு, எழுதிவைத்தால் நல்லது என்று பொதுவாகச் சொன்னேன். ‘நல்லது’ என்ற வார்த்தையை நான்தான் சொன்னேன். யாருக்கு நல்லது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் தார்ப்பாய் மறைப்பில் நாற்பது வயது இருக்கும் ஒரு அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான், ஒருவேளை என்னைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். நான் அவரை அக்கா என்றேன், அவரும் என்னை அக்கா என்றார். கிட்டே போனதும் வெங்காய வாசனை அடித்தது. அங்கே எல்லோரும் வெங்காய மண்டியில் வேலை பார்ப்பவர்கள். சின்ன வெங்காயத்தின் தாளை, அதாவது தண்டை, அறுத்து, காய்ந்த தோலைத் தட்டி, பெரிசு சிறிசாகப் பிரித்துக் கொடுக்கிற வேலை. ஆண்கள் மூட்டை இறக்குவார்கள். லோடு விடியற்காலையில் வரும், அதனால் மண்டிக்கு நடக்கிற தூரத்திலேயே படுத்தாக வேண்டும்.

“நத்தம் பக்கத்துல ஊருக்கா. வீடுன்னு ஒண்ணு இருந்துச்சு. மழைக்குச் சுவரு விழுந்துருச்சு. வெறும் கையை வச்சுக்கிட்டு எப்புடித் திருப்பிக் கட்டுறது? மூத்தவ பிறந்த வருசம் இங்க வந்தோம். இப்ப அவ எட்டாப்புப் படிக்கிறா” என்றார்.

நான் கணக்குப் போட்டு வருடத்தை எழுதினேன். அவரே எழுந்து வந்து ஒவ்வொரு மறைப்பாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “ஏத்தா, பேரு எழுத வந்திருக்காக, வெளிய வா” என்று சத்தம் போட்டு எழுப்பினார். யார் எந்த வருடம் வந்தார்கள் என்று அவர்களுக்கே மறந்துபோன இடத்தில் இவர் எடுத்துக் கொடுத்தார். இன்ன தேர்தலுக்கு முன்னால், இன்னார் செத்த வருடம், ஊரடங்கு போட்டபோது என்று. ஏழு குடும்பம், முப்பத்தொரு பேர். முடித்துவிட்டுக் கிளம்பும்போது செத்த நேரம் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். தம்ளரிலும் வெங்காய வாசனைதான். குடித்துவிட்டு வந்தேன்.

மனு நன்றாக வந்தது. தொழில்காரியாகச் சொல்கிறேன், நான் எழுதியவற்றிலேயே அது உருப்படியானது. தெருவில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து, முதல் பக்கத்தில் தேதியோடு சீல் வாங்கி, நகலை என் ஃபைலில் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் வேலை நடந்தது. முதலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வாரம் டைம் கொடுத்தார்கள். பிறகு ஒரு காலை நேரத்தில் லாரியும் ஜேசிபியும் வந்தன. அடிதடி ஒன்றும் இல்லை. சாமான்களை எடுத்துக்கொள்ள விட்டார்கள். நான் அன்றைக்குக் கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன். அந்த அக்கா ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, “அக்கா, நீங்க எழுதிட்டுப் போன பேப்பரை இவுககிட்டச் சொல்லுங்களேன்” என்றார்.

அது வேறு, இது வேறு என்று ஏதோ முனகிவிட்டு நடையைக் கட்டினேன். வேறு என்ன சொல்ல? நாள் முழுக்க டைப் அடிக்கும்போது எழுத்துப் பிழையாக விழுந்துகொண்டே இருந்தது.

பாலத்தடி சுத்தமானது. வேலி போட்டு இரண்டு செடி நட்டார்கள். செடியை ஆடு தின்றது. அந்தக் குடும்பத்தார் எங்கே போனார்கள் என்றால், எங்கேயும் போகவில்லை. மண்டிச் சுவரோரம் இரண்டு குடும்பம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு, மூடிக்கிடந்த கடைகளின் வாசலில் மீதிப்பேர் என்று சிதறிப்போனார்கள். எங்கள் தெருவின் பிரச்சினை மூன்று தெருக்களின் பிரச்சினை ஆயிற்று. அந்தத் தெருக்காரர்களில் ஒருவர் என்னிடமே மனு எழுத வந்தார். டைம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். கடையில் கூட்டம் இல்லாத மத்தியானம். அந்த அக்கா வாசலில் வந்து நின்றார். ஆள் இளைத்திருந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு நகல்கள். என் கடையைத் தேடி ரெண்டு நாள் அலைந்தாராம்.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், நகருக்குள் ரோட்டோரம், பாலத்தடி என்று குடியிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு வீடு ஒதுக்குகிறார்கள். இவர்களும் போய்க் கேட்டிருக்கிறார்கள். பாலத்தடியில்தான் இத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆதாரில் நத்தம் பக்கத்து ஊர் விலாசம். ரேஷன் கார்டும் அதே விலாசம். கரண்ட் பில் கிடையாது, வரி ரசீது கிடையாது. தூணுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

“நேத்து வந்து படுத்துட்டு வீடு கேக்குறவுகளும் இருக்காகளாம். உங்களை எப்புடி நம்புறதுன்னு கேக்குறாக. அவுகளைச் சொல்லியும் குத்தமில்ல” என்றார். “அப்பத்தான் உங்க ஞாபகம் வந்துச்சுக்கா. நீங்க அன்னைக்கு எங்க பேரு, வந்த வருசம் எல்லாம் எழுதிட்டுப் போனீகள்ல. அந்தப் பேப்பரு இருக்கா? வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கலைன்னா லிஸ்டை மூடிருவாகளாம்.”

தேடிப் பார்க்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. ஃபைல் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

அவர் போனதும் எடுத்துப் பார்த்தேன். குறுக்கு யோசனைகள் எல்லாம் வந்தன. இணைப்பை மட்டும் தனியாக நகல் எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன? அதில் பெயரும் வருடமும் மட்டும்தானே இருக்கிறது, யார் எதற்கு எழுதினார்கள் என்று இல்லையே? ஆனால் சீல் இருப்பது முதல் பக்கத்தில். தேதி இருப்பது முதல் பக்கத்தில். அது இல்லாமல் இணைப்பை நீட்டினால், வீட்டில் உட்கார்ந்து நேற்று டைப் அடித்தது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நானே அப்படித்தான் சொல்வேன். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘பொருள்’ என்று போட்டு, பொது இடத்தை ஆக்கிரமித்துள்ளவர்களை அகற்றக் கோருதல் தொடர்பாக என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

காணோம் என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். அந்த நினைப்பையும் இங்கே சொல்லத்தானே வேண்டும். ஏழு குடும்பத்தின் வீடு ஒரு பக்கம், என் மூஞ்சி ஒரு பக்கம்.

மறுநாள் வந்தார். நகலை நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

“படிச்சுச் சொல்லுங்கக்கா. ஆபீஸ்ல கேட்டா என்னன்னு தெரியணும்ல.”

ஒரு வரியைத் தாண்டிப் படித்துவிடலாம் என்று கடைசி நொடிவரை நினைத்தேன். இத்தனை வருடம் மற்றவர்கள் மனுவை அவர்களுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறேன், ஒரு வார்த்தை விட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் வாயைத் திறந்தது. முதல் வரியிலிருந்து அப்படியே படித்தேன். ‘சுகாதாரச் சீர்கேட்டுக்கும் பொதுமக்களின் பாதுகாப்பின்மைக்கும் காரணமாக உள்ள கீழ்க்கண்ட நபர்களை’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சுகாதாரச் சீர்கேடுன்னா?”

“அசிங்கம் பண்றதுன்னு அர்த்தம்.”

“கக்கூஸு கட்டிக் குடுக்கலைன்னா வேற எங்குட்டுப் போவாகளாம்?”

பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. “மேல படிங்க” என்றார். படித்தேன். இணைப்புக்கு வந்து ஏழு பெயர்களையும் வாசித்தேன். தன் பெயர் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார்.

“வருசம் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“சீலு?”

“இருக்கு.”

“கீழ கையெழுத்து யாரு?”

“நான்தான்” என்றேன்.

அழுவாரோ கத்துவாரோ என்று நான் பயந்துகொண்டிருக்க, அவர் மனுவை வாங்கி, கவரைப் பிரித்து உள்ளே பத்திரமாக வைத்தார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா? நாலு வசவு வஞ்சிருப்பேன். அம்புட்டுத்தான். வஞ்சிட்டுப் பேரையும் சொல்லியிருப்பேன். எங்க பேரை மறைச்சு எங்களுக்கு என்ன ஆகப்போகுது?” என்றார். அப்புறம் படியிறங்கி நின்று, “நாளைக்கு ஆபீஸுக்கு நீங்களும் வாங்க. எழுதுனது நான்தான்னு நீங்களே சொல்லுங்க. நாங்க சொன்னா எடுபடாது” என்றார். கேட்ட மாதிரி இல்லை, வரச் சொல்லி உத்தரவு போட்ட மாதிரி இருந்தது. அந்த வசவை அவர் அப்போதே வைதிருக்கலாம். வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்த விஷயம் அன்று சாயந்திரத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் தலைவர் நேரே கடைக்கே வந்துவிட்டார்.

“என்ன கூத்து இது? போகச் சொல்லி மனுப் போட்டதும் நீங்க, அவங்களுக்குச் சாட்சி சொல்லப் போறதும் நீங்களா? தெரு மானம் என்னத்துக்கு ஆகுறது?”

“மனுல நாம எழுதினது பொய்யா சார்?” என்றேன்.

“யார் பொய்யின்னா? அம்புட்டும் உண்மைதான்.”

“அதையேதான் நாளைக்கும் சொல்லப் போறேன். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல.”

அவருக்கு வந்த கோபத்தில் காசு கொடுத்து எடுத்த ஜெராக்ஸை மறந்துவைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வருடம் என்னிடம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் ஆபீஸுக்குப் போனோம். ஏழு குடும்பத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மண்டி வேலையை விட்டுவிட்டு வந்ததால் எல்லோர் கையிலும் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அதிகாரி மனுவைப் பொறுமையாகப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“புகார் குடுத்தது நீங்கதானேம்மா? இப்ப இவங்களுக்கு ஆதரவா வந்திருக்கீங்க?”

“ஆதரவுன்னு இல்ல சார். அன்னைக்கு நேர்ல போய்க் கணக்கெடுத்து எழுதினேன். எழுதினது நிஜம்னு சொல்ல வந்தேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவங்களை அனுப்பணும்னு எழுதின பேப்பர்தான் இவங்க இங்கதான் இருந்தாங்கன்னு சொல்லுது” என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். ஆபீஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார். அட்டவணையை வரிசையாக வாசித்து, ஆதாரோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பெயராக டிக் போட்டார். ஏழும் சரியாக இருந்தன.

அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த ஒரு பெரியவர் முன்னால் வந்தார். அறுபது தாண்டியிருக்கும், தோளில் மூட்டை தூக்குகிறவர்களின் முரட்டுத் துண்டு.

“தாயி, நம்ம பேரைப் படிக்கலையே?” என்று என்னிடம் கேட்டார்.

அதிகாரி மறுபடி தாளைப் பார்த்தார். “இதுல இல்லையேப்பா. ஏழுதான் இருக்கு” என்றார்.

எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவதாகத்தான் ஆரம்பித்தேன். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அன்று நான் கணக்கெடுக்கப் போனபோது இவரும் அங்கே இருந்தார். கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு சாக்கும் ஒரு அலுமினியச் சட்டியும்தான் அவர் குடித்தனம். பனியனைத் துவைத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். “ஒண்டிக்கட்டை தாயி” என்றார். பெயரையும் சொன்னார். அங்கே எல்லோருக்கும் முன்னால் வந்தவர் அவர்தானாம், பாலம் கட்டும்போதே அங்கே வேலை செய்தவராம். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மனுவில்தான் எழுதவில்லை. ‘ஏழு குடும்பங்களைச் சேர்ந்த முப்பத்தொரு பேர்’ என்று டைப் அடித்தேன். படித்துப் பார்த்தால் கச்சிதமாக, கனமாக இருந்தது. ‘மற்றும் தனிநபர் ஒருவர்’ என்று சேர்த்தேன். வாக்கியம் இழுத்துக்கொண்டு நொண்டியது. அட்டவணையில் குடும்பத் தலைவர், உறுப்பினர் எண்ணிக்கை என்று தலைப்புகள். அதில் ஒன்று என்று போட்டால் பார்க்கவும் நன்றாக இல்லை. ஒரே ஒரு ஆள்தானே, அவரால் யாருக்கு என்ன தொந்தரவு, விரட்டப்படும்போது அவரும் சேர்ந்து போகத்தானே போகிறார் என்று நினைத்து அந்த வரியை அழித்தேன். அதில் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வாக்கியம் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான்.

இதை அந்த ஆபீஸில் அப்படியே சொன்னேன். இவரும் அங்கே இருந்தார், நான்தான் விட்டுவிட்டேன், வேண்டுமானால் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்த அக்காவும் மற்றவர்களும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள்.

“நீங்க இன்னைக்கு எழுதினா இன்னைக்குத் தேதிதானேம்மா வரும்” என்றார் அதிகாரி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. “அன்னைக்குத் தேதியில இருக்கணும். இதுக்கு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வந்து என் பேரும் விட்டுப்போச்சுன்னு நிப்பாங்க. எனக்கு மேலயும் ஆள் இருக்கு.” அவர் நிலைமையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கடைக்குத் திரும்பி வந்து, அன்றைக்குக் கணக்கெடுத்த நோட்டைத் தேடினேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தேன்.

ஏழு குடும்பத்துக்கும் ஆறு மாதத்தில் வீடு கிடைத்தது. அங்கே எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஊரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் லோடு இறங்குகிற நேரத்துக்கு மண்டிக்கு வந்துசேர முடிவதில்லை. ரெண்டு குடும்பம் பாதி நாள் இன்னமும் மண்டிச் சுவரோரம்தான் படுக்கிறது. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அந்த அக்கா போன வருடம் என்னிடம் மனு எழுத வந்தார். எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “இதையாவது ஒழுங்கா எழுதுனீகளா?” என்றார். இன்றுவரை அவர் என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பேச்சுவார்த்தை இருக்கிறது.

பெரியவருக்கு வீடு கிடைக்கவில்லை. இதுவரை ஐந்து மனு எழுதியிருக்கிறேன். பதில் போட ஒரு விலாசம் வேண்டுமே என்று என் கடை விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். போதிய சான்று இல்லாததால் ஏற்க இயலவில்லை என்று பதில் வரும். பிரித்து அவரிடம் படித்துக் காட்டுவேன். நடுவில் வீடற்றவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சேர்த்துவிட்டேன். விடியுமுன் வெளியே விடமாட்டார்கள், லோடு போய்விடுகிறது என்று ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். இப்போது ஒரு கடை வாசலில் படுக்கிறார். போன மழைக்கு மார்ச்சளி பிடித்துப் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார்.

“விடு தாயி. ஒரு ஆளுதானே, எங்குட்டாவது கிடந்துட்டுப் போறேன்” என்கிறார், ஒவ்வொரு முறையும். என்னைத் திட்டினால் தேவலை. டைப் அடித்த வரியை அழிக்கும்போது நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டதையே அவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆறாவது மனுவை இந்தத் திங்கட்கிழமை கொண்டுபோகிறேன். கிடைக்குமா என்று தெரியாது. இப்போதெல்லாம் யாருக்கு மனு எழுதினாலும், ஒரு வாக்கியம் இடறாமல் கச்சிதமாக வந்து முடிந்துவிட்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, யாரை வெளியே நிறுத்திவிட்டு இது இவ்வளவு அழகாக முடிந்தது என்ற பயம்தான் வருகிறது.